31ஆம் நாள் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் அயலிலும் மரண அறிவித்தல் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும், கல்வெட்டுப் பாடுகிற புலவர்மாருக்கும், நினைவு மலர் தொகுக்கிற மருமக்களுக்கும், நாளைக்கே வேண்டும் என்று வந்து நிற்கிற வீட்டுக்காரரைப் பொறுத்துப்போகிற அச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன் என் பெரியம்மா காலமானார். 93 வயது. பொரளை கனத்தையில் கிரியை முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த அன்று பின்னேரம் வெள்ளவத்தை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்தியேட்டிப் புத்தகம் ஆர் எழுதுறது?" என்று யாரோ கேட்டார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. எங்கள் வீட்டில் பரம்பரை தேடுகிற பைத்தியம் என்றால் அது நான்தான்.

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட கையோடு இந்த மடலையும் எழுதுகிறேன். நான் இப்போது செய்யப்போகிற வேலையை இதே நகரத்தில் எத்தனையோ வீடுகளில் நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள். நீங்கள் எழுதி முடித்துப் பல வருடம் கழித்து அதை எடுத்து வாசிக்கிறவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்ல இருக்கிறது.

உங்கள் புத்தகங்களைச் சேர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. பெரிய பிஸ்கற் தகரம் மூன்று நிறைய வைத்திருக்கிறேன். 31ஆம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் மண்டபத்து வெக்கைக்கு விசிறிவிட்டுக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போகிற மலர்களை, பந்தி முடிந்த பிறகு ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிற ஒரு கிழவியை நீங்கள் கண்டிருந்தால், அது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.

இந்தப் பழக்கம் பேத்தியால் வந்தது. ரொறன்ரோவில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லித் தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கோடு: பெயர், குடும்பப் பெயர். "அம்மம்மா, எங்கட குடும்பப் பெயர் என்ன?" என்று போனில் கேட்டாள். எதைச் சொல்ல? என் பெயருக்கு முன்னால் நின்ற எழுத்து என் அப்பாவுடையது. அவருக்கு முன்னால் நின்றது அவருடைய அப்பாவுடையது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பெயரைச் சுமந்துவந்து அடுத்த தலைமுறையின் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடும். இதற்கென்று இருக்கிற மென்பொருள் ஒன்றை மருமகன் கணினியில் போட்டுத் தந்தார். அது எங்கள் ஐந்து தலைமுறையையும் பார்த்துவிட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து குடும்பங்கள் என்று தீர்ப்புச் சொல்லியது. பெண்கள் பாடு இன்னும் மோசம். கலியாணத்தோடு முதலெழுத்து மாறிவிடுவதால் அவர்கள் பாதி வழியில் ஆள் மாறிப்போகிறார்கள்.

பேத்தி ஏதோ எழுதிப் புள்ளி வாங்கிவிட்டாள். எனக்குத்தான் விடவில்லை. நாற்பது வருடம் கணக்காய்வு வேலை பார்த்தவள் நான். கூட்டுத்தொகை பொருந்தாத ஒரு தாளை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போக என்னால் முடியாது.

பரம்பரை தேடுகிறேன் என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "ஏன், காணிப் பிரச்சினையோ?" இரண்டாவது, "வீசாவுக்கோ?" மூன்றாவது குரல் தாழ்ந்து வரும்: "ஏதும் கலியாணப் பேச்சுக்கால்லோ?" சும்மா, பொழுதுபோக்குக்கு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். முத்திரை சேர்க்கிறவனை நம்புகிற சனம், பாட்டன்மாரைச் சேர்க்கிறவளைக் கண்டால் அலுமாரித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்கிறது.

ஆகவே எனக்கு மிஞ்சியது நீங்கள் அச்சிட்டவைதான்.

மரண அறிவித்தலின் முதல் வரியை விட அடர்த்தியான வரி தமிழ் உரைநடையில் கிடையாது என்பது என் கட்சி. "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும், கனடாவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கினால், ஒரு மனிதரின் ஓட்டம் முழுவதும் மூன்று வேற்றுமை உருபுக்குள் அடங்கிவிடுகிறது. (முப்பத்தைந்து வருடம் இருந்து, வீடு வாங்கி, அங்கேயே கண் மூடினாலும் கனடா 'தற்காலிக' வதிவிடம்தான். அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்.) அடுத்து, "காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதியரின் அன்பு மகனும்". இந்தக் 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்கு நான் கோயில் கட்டுவேன். தம்பியின் 1963ஆம் ஆண்டு அறிவித்தலில் தகப்பன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இல்லை. அக்காவின் 1968ஆம் ஆண்டு அறிவித்தலில் இருக்கிறது. ஆக, தகப்பன் போனது இந்த ஐந்து வருட இடைவெளிக்குள். மரணப் பதிவை எந்த ஆண்டுக் கட்டில் தேடுவது என்று பதிவாளர் அலுவலகத்தில் சொல்ல அதுவே போதும். ஆண்டு தெரியாமல் போய் நின்றால் தேடித் தருகிறவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

ஆனால் பத்திரிகையில் இடத்துக்குக் காசு. காசு என்று வந்ததும் யாரை வெட்டுகிறீர்கள் என்று பார்க்கிறேன். மருமகன்மாரின் பட்டமும் உத்தியோகமும் தப்பிவிடும். பிள்ளைப்பேற்றில் போன முதல் மனைவி வெட்டுப்படுவார். கலியாணம் கட்டாமல் வீட்டோடு இருந்து எல்லாப் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்த மாமி 'மற்றும்' என்ற சொல்லுக்குள் போய்விடுவார். கைக்குழந்தையாக இறந்த பிள்ளை இருந்ததாகவே தெரியாது.

கல்வெட்டு இன்னும் பெரிய சுரங்கம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கல்வெட்டு என்றால் கல் இல்லை. அந்தியேட்டியன்று வாசிக்கவென்று பாடி அச்சிடுகிற செய்யுள் புத்தகம். பழையவை அநேகமாக ஒரே ஒழுங்கில் போகும். பிள்ளையார் காப்பு, திதி வெண்பா, நாட்டு வளம், ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு, பெற்றோர், படிப்பு, உத்தியோகம், மணம், மக்கள், பேரர், பிணி, மறைவு. கடைசியில் புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இந்தப் புலம்பல்கள்தான் எனக்குப் பொன். யார் புலம்புகிறார்கள் என்று எண்ணினால் அந்த நாளில் வீட்டில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று வந்துவிடும். ஆனால் மனைவி எட்டுப் பாட்டுக்கு அழுகிறார், அவருடைய பெயர் ஒரு பாட்டிலும் இல்லை. 'அருந்துணைவி', 'கற்பரசி', 'இல்லத்தரசி'. முற்றத்து மாமரத்தின் இனம்கூட ஊர்ச் சிறப்பில் வருகிறது.

திகதியைப் பற்றி ஒரு சொல். திதி வெண்பா அழகுதான். 'விளம்பி வருடத்து ஆவணி' என்று தொடங்கிப் பட்சமும் திதியும் பாடினால் ஆண்டுத் திதி கொடுக்க அது போதும். ஆனால் தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். விளம்பி 1898இலும் பிறந்தது, 1958இலும் பிறந்தது, 2018இலும் பிறந்தது. தொடக்கத்தில் வேறொரு கல்வெட்டை வைத்து, ஒருவரை 60 வருடம் முன்கூட்டியே சாகடித்துவிட்டேன். அவருடைய கடைக்குட்டி அவர் இறந்து பதினேழு வருடத்துக்குப் பிறகு பிறந்ததாகக் கணக்கு வந்தபோதுதான் விழித்தேன். வெண்பாவுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஆங்கில வருடத்தையும் போடுங்கள். யாப்புக்கு ஒரு குறையும் வராது.

மேலே சொன்ன விளம்பி வருடத்து ஆவணிக் கல்வெட்டு என் பூட்டனுடையது. அம்மம்மாவின் தகப்பன், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் காணி பூமியோடு வாழ்ந்தவர், 1958இல் போனார். எங்கள் வீட்டில் அது சாமித் தட்டில் இருந்தது. குலச் சிறப்புக்கு அதில் பன்னிரண்டு வரி. மக்கள் ஐவர், பூட்டப்பிள்ளைகள் நால்வர் என்று எண்ணிக்கை. பள்ளிக்கூடத்தில் எண்ணப் பழகிய உடனே நான் அந்தப் பூட்டப்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். என்னைச் சேர்த்தால் ஐந்து வருகிறது. நான் 1957இல் பிறந்தவள். அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அச்சுப்பிழை" என்றார்.

அச்சுப்பிழை இல்லை. அம்மா நான் பிறப்பதற்கு முந்திய வருடம் வீட்டாரைக் கேளாமல் பதிவுக் கலியாணம் எழுதினவர். அப்பா மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, புறக்கோட்டை குறுக்குத் தெருவில் புடைவைக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். அந்தப் புத்தகத்தில் பேத்திமாரின் கணவன்மார் எல்லாரும் உத்தியோகத்தோடு வருகிறார்கள். அப்பா இல்லை. அப்பா இல்லாதபடியால் நானும் இல்லை.

அப்பா பக்கத்தில் கல்வெட்டு ஒன்றும் கிடையாது. இருப்பது ஒரு தகர வில்லை. அப்பப்பா சின்னப் பெடியனாகத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் கூட்டிவருகிற கங்காணியோடு வந்தபோது கழுத்தில் தொங்கவிட்டது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் வந்த முறை அது. வில்லையில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அடித்திருக்கும். பெயர் இருக்காது. ஒரு பக்கத்துப் பூட்டனுக்கு நாட்டு வளத்தோடு முப்பத்திரண்டு பக்கம், மற்றப் பக்கத்துப் பாட்டனுக்கு இரண்டு எண். இரண்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பொழுதுபோக்கு என்று நான் சொல்கிற இதே பரம்பரைத் தேடலை ஒரு காலத்தில் இந்த நாடு லட்சக்கணக்கானவர்களிடம் கட்டாயமாகக் கேட்டது என்பதும் அந்த வில்லையைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அப்பா ஹற்றனில் பிறந்தவர், அவருடைய தகப்பன் இங்கே பிறக்கவில்லை. முடிந்தது கதை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டு, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில்தான் அவருக்குப் பதிவுப் பிரஜை என்று கடிதம் வந்தது. அவருடைய தம்பிமார் இருவருக்கு அதுவும் வரவில்லை. 1964 ஒக்ரோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை மேசையில் வைத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. சித்தப்பாமார் அந்த 525,000க்குள் போனார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியதோடு அந்தக் கிளை என் கொடிவழியில் வெறும் கோடாக நிற்கிறது.

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின்' என்று ஒரு கூடு, பூட்டனாருக்கு இன்னொரு கூடு. உங்களில் கனபேருடைய பத்திரத்திலும் அது இருக்கும். என்னுடையதில் இரண்டிலும் கோடு கீறியிருக்கிறது. பாட்டிக்குக் கூடே கிடையாது. அந்தப் பத்திரத்தை வைத்துப் பின்னால் போனால் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஒரே ஒற்றையடிப் பாதை.

பெண்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? காணி உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில். யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எழுதித் தொகுத்தது, சொத்தை முதுசொம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று பிரித்தது. சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆகவே உறுதி எழுதுகிற நொத்தாரிசு அந்தக் காணி வந்த வழியை எழுதும்போது தாயையும் தாயின் தாயையும் பெயர் சொல்லி எழுதியே ஆக வேண்டும். பக்திக்காகவோ பாசத்துக்காகவோ இல்லை, பின்னால் வழக்கு வந்துவிடும் என்ற பயத்துக்காக. எதற்காக எழுதினால் என்ன, எனக்குப் பெயர் கிடைக்கிறது. இந்த உறுதிகளுக்கும் முந்திய காலத்துக் காணிப் பதிவேடுகளான தோம்புகள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் ஆவணங்களோடு இருக்கின்றன. அவை ஒல்லாந்த மொழியில். இந்த வயதில் இனி அந்த மொழி படிக்க எனக்குத் தெம்பில்லை.

பெரியம்மா தன்னுடைய உறுதிப் பையை எனக்குத் திறந்து காட்டியது 2018இல். 1995 இடப்பெயர்வில் மார்போடு அணைத்துக்கொண்டு வந்த பை, உள்ளே பொலித்தீனுக்குள் பொலித்தீன். அவருடைய சீதன உறுதி 1954ஆம் ஆண்டுக்குரியது. முன்னூறு சொல்லுக்கு முற்றுப்புள்ளி இல்லாத அந்த நடையை வாசித்துக்கொண்டே எல்லைகளுக்கு வந்தேன். கிழக்கு ஒழுங்கை. மேற்கு பெரிய தகப்பனின் பிள்ளைகள். தெற்கு வாய்க்கால். வடக்கு, இன்னார் பெண்சாதி இன்னார். பெண்ணின் பெயருக்கு முன்னால் என் பூட்டனின் பெயர் தகப்பனாக நின்றது. பூட்டனுக்கு மகள்மார் மூவர், மூவர் பெயரும் எனக்குத் தெரியும். இது நாலாவது பெயர்.

"பெரியம்மா, இது ஆர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். "அது சின்னம்மா" என்றார். "அவவின்ர பேர் வீட்டில சொல்லுறேல்லை."

"ஏன்?"

"அவ ஒருத்தரோட போட்டா. அவையள் எங்கட பகுதி இல்லை."

இந்தப் 'பகுதி' என்ற சொல்லைத் தெரியாதவர் நம்மில் இல்லை, விளக்கிச் சொல்லத் துணிகிறவரும் அதிகம் இல்லை. போன பெண்ணுக்கு, அவர் சின்னனாக இருந்தபோது, பாட்டியார் நன்கொடையாக எழுதிவைத்த துண்டு நிலம் அது. வீட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். எல்லையிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால் பெரியம்மாவின் காணிக்கு வடக்கே எல்லை இல்லாமல் போய்விடும்.

மேலும் கேட்டதில், "கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்தவை எண்டு கேள்வி, எழுபதாம் ஆண்டளவில செத்திட்டா" என்று மட்டும் சொன்னார். அது போதும். ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி மூன்று மாதம், கிழமைக்கு ஒரு நாள், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். 1969இலிருந்து வீரகேசரி, தினகரன் இரண்டும். முகக் கவசம் போட்டுக்கொண்டும் தும்மினேன். 1971ஆம் ஆண்டுக் கட்டில் இருந்தது, ஐந்தே வரி. "கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட", கணவன் பெயர், பிள்ளைகள் மூவர் பெயர், ஒரு மகனின் உத்தியோகம். பெற்றார் பெயர் இல்லை, சகோதரர் பெயர் இல்லை. ஆனால் பிறப்பிடத்தில் எங்கள் ஊர் இருந்தது. அந்த ஒரு சொல்லை வெட்டாமல் விட்டவர் எவரோ, அவர் நல்லாயிருக்க வேண்டும்.

மிச்சம் கடை கடையாய் விசாரித்த கதை. ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. கதவு திறந்தவர் அந்த அம்மாளின் பேரன், எனக்கு மச்சான் முறை. ஒரு மணித்தியாலம் என்னை நம்பாமல் பேசினார். (காணிப் பிரச்சினையோ என்று அவரும் கேட்டார்.) அதன்பிறகு உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார். உள்ளே எங்கள் பூட்டனின் கல்வெட்டு, அதே 1958, அதே முப்பத்திரண்டு பக்கம். தபாலில் வந்தது, யார் அனுப்பியது என்று அவர்களுக்கும் தெரியாது. மக்களைச் சொல்கிற வெண்பாவில் 'ஐவர்' என்ற சொல் நீல மையால் ஒரே கோட்டில் வெட்டப்பட்டு, மேலே பொடி எழுத்தில் 'அறுவர்' என்று எழுதியிருந்தது.

எனக்கு யாப்பு கொஞ்சம் தெரியும். ஐவர் தேமா, அறுவர் புளிமா. முந்திய சீர் காய்ச்சீர். நேர் வர வேண்டிய இடத்தில் நிரை வந்து தளை தட்டுகிறது. அந்த அம்மாளுக்கும் அது தெரிந்திருக்கலாம், ஊரில் நல்லாகப் படித்தவர் என்று கேள்வி. தட்டினால் தட்டட்டும் என்று விட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என் பிரதியை எடுத்து, பூட்டப்பிள்ளைகள் நால்வர் என்ற இடத்தை நான் ஐவர் ஆக்கினேன். அங்கே தளை தட்டவில்லை.

அன்புடையீர், இவ்வளவும் சொன்னது புலவர்மாரைக் குறை சொல்ல இல்லை. வீட்டார் கொடுக்கிற துண்டை வைத்துத்தான் அவர்கள் பாடுகிறார்கள். துண்டை எழுதுகிற கை என்னுடையதும் உங்களுடையதும். ஆகவே கேட்கிறேன். குலச் சிறப்பை விட்டுவிடுங்கள். அந்தப் பன்னிரண்டு வரியை வாசித்து யாருக்கும் ஒரு தகவலும் கிடைத்ததில்லை. யார் யார் வீட்டில் பெண் எடுக்கக்கூடாது என்பதற்கு மட்டுமே அது உதவியிருக்கிறது. அந்த இடத்தில் தாயின் பெயரையும், தாயின் தாய் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் போடுங்கள். மனைவி அழுதால் அவர் பெயரோடு அழட்டும். சின்னனில் இறந்த பிள்ளைக்கும் ஒரு வரி கொடுங்கள். வீட்டை விட்டுப் போனவர்களைப் போடுங்கள், ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் புத்தகத்தில் தங்கள் பெயர் வருவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம், அதற்கும் அவர்களுக்கு நியாயம் உண்டு. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பிறந்த திகதி வேண்டாம், வங்கிக் கள்ளருக்கு அது வசதி.

அச்சகத்தாரிடம் கேட்பது சின்ன விஷயம். பழைய புத்தகங்களின் பின் அட்டையில் அச்சகத்தின் பெயர், ஊர், வருடம் மூன்றும் இருக்கும். புதியவற்றில் பூப்படம்தான் இருக்கிறது. அடியில் ஒரு வரி போடுங்கள். கம்பி அடிப்பதற்குப் பதில் நூலால் தைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கொழும்புக் கடல் காற்றுக்குப் பத்து வருடத்தில் கம்பி துருவாகி, நடுத்தாளைத் தின்றுவிடுகிறது. மக்கள் பேரர் விபரம் எப்போதும் நடுத்தாளில்தான் வருகிறது.

மிஞ்சுகிற பிரதிகளை என்ன செய்கிறீர்கள்? எங்கள் சாமித் தட்டுக் கல்வெட்டு 83 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. அம்மா அப்பாவின் ஒரே கலியாணப் படமும் அதோடு போனது. படம் திரும்ப வரவில்லை. கல்வெட்டு வந்தது, ஏனென்றால் பல கொப்பி அடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள். இப்போது என்னிடம் இருப்பது ஊரில் ஒரு வீட்டுப் பரணில் எடுத்தது. ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்று 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் 97,000 நூல்களும் சுவடிகளும் போனபோது நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே பரப்புங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, ஒரு பிரதி கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் ஸ்கான் பண்ணி இணையத்தில் போடுகிறது, ஒரு பிரதி அங்கே. உறவுக்கார வீடுகளுக்கு மட்டும் கொடுத்தால், அடுத்த வெள்ளையடிப்புக்கு அது பழைய பேப்பர்காரனிடம் போகும். அவனிடமிருந்து நானே வாங்கியிருக்கிறேன், கிலோக் கணக்கில்.

பெரியம்மாவின் புத்தகத்து ப்ரூஃப் இன்று காலை வந்தது. மூத்த மச்சான் பூட்டனின் கல்வெட்டிலிருந்து குலச் சிறப்பை எடுத்து, சந்தி பிரித்து, முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதை வெட்டியிருக்கிறேன். அவருக்கு இன்று இரவு போனில் சொல்ல வேண்டும், சண்டை வரும். கொடிவழிப் பக்கத்தில் பூட்டனின் பிள்ளைகள் அறுவர். அவர்களில் அம்மம்மாவுக்குக் கீழே பெரியம்மாவும் அம்மாவும், அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா, உத்தியோகத்தோடு. கொட்டாஞ்சேனை மச்சானைக் கேட்டேன். "போடுங்கோ, ஆனா எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கோ" என்றார். அந்த ஆறாவது பெயருக்கு நேரே அச்சகத்துப் பிள்ளை பென்சிலால் கேள்விக்குறி போட்டு, "பழைய புத்தகத்தில் ஐந்துதானே?" என்று எழுதியிருக்கிறாள். கவனமான பிள்ளை.

பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பூட்டப்பிள்ளைகளில் ஐந்தாவது
கொழும்பு 6